சராசரி ஆயுள் 73 என்றால் எனக்கு இன்னும் 11 வருடம்தானா?

கேள்வி: எனக்கு வயது 62, மனைவிக்கு 60. போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். உலக அளவில் மனிதரின் சராசரி ஆயுள் 73 என்று படித்தேன். அந்தக் கணக்குப்படி எனக்கு 11 வருடம் மீதி இருக்கிறது. கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று, கைக்கு வந்த பணத்தை 15 வருடத்துக்குப் பிரித்து மாதச் செலவு போட்டு வைத்திருக்கிறேன். என் மகன் இதைப் பார்த்துச் சிரிக்கிறான். ‘இனிமேல் 100 வயது என்பது சாதாரணம், 150கூட வந்துவிடும்’ என்கிறான். என் அம்மா 94 வயது வரை இருந்தார். அப்பா நிறையப் புகைப்பார். 58-ல் மாரடைப்பில் போய்விட்டார். நான் யாரைக் கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. எந்த வயது வரைக்கும் என்று வைத்துத் திட்டம் போடுவது?

பதில்:

ஐயா, உங்கள் கணக்கும் தப்பு, உங்கள் மகனுடைய கணக்கும் தப்பு. இரண்டில் உங்களுடையதுதான் ஆபத்தானது. மகன் சொல்வதை நம்பினால் அதிகம் போனால் கொஞ்சம் சிக்கனமாக இருந்துவிட்டுப் போவீர்கள். உங்கள் கணக்கை நம்பினால் 77 வயதில் வெறுங்கையோடு நிற்பீர்கள்.

நான் ஒரு ஆக்சுவரி. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பென்ஷன் நிதிகளுக்கும் ‘யார் எத்தனை காலம் இருப்பார்கள்’ என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். தனி ஒருவர் எப்போது போவார் என்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் உங்களைப் போன்ற நூறு பேரைச் சேர்த்து நிறுத்தினால் எந்த வயதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும். அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 73. அது இப்போது பிறக்கும் குழந்தைக்கான எண். உங்களுக்கானது அல்ல. இந்த ஆண்டு ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எடுத்து, ஒரு குழந்தை தன் வாழ்நாள் முழுவதும் இதே இறப்பு விகிதங்களைத் தாண்டிப் போனால் சராசரியாக எத்தனை ஆண்டு இருக்கும் என்று பார்ப்பார்கள். அதில் பிறந்த வாரமே இறக்கும் சிசு உண்டு, இருபதில் விபத்தில் போகும் இளைஞர் உண்டு, பிரசவத்தில் இறக்கும் பெண் உண்டு, நாற்பதில் நோயில் போகிறவர் உண்டு. அந்த ஆபத்துகளை எல்லாம் நீங்கள் ஏற்கெனவே தாண்டி வந்துவிட்டீர்கள். இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். 73-லிருந்து 62-ஐக் கழிப்பது சரியான வழி என்றால், 75 வயதுக்காரருக்கு மீதி ஆயுள் மைனஸ் இரண்டா?

சின்னக் கணக்கு ஒன்று பாருங்கள். பத்துப் பேரில் நான்கு பேர் ஒரு வயதுக் குழந்தைகளாகவே இறக்கிறார்கள், மீதி ஆறு பேர் எழுபது வரை வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 42 சொச்சம் வரும். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 42 வயதில் சாகவில்லை! ‘அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் முப்பதுதான்’ என்று சொல்லும்போது முப்பது வயதுக் கிழவர்களைக் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி யாரும் இருக்கவில்லை. குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், அவ்வளவுதான். வால்நட்சத்திரத்தால் பெயர் பெற்ற எட்மண்ட் ஹாலி 1693-ல் பிரெஸ்லாவ் நகரத்து இறப்புப் பதிவுகளை வைத்து ஒரு ஆயுள் அட்டவணை போட்டார். அதில் பிறந்த 1,238 குழந்தைகளில் 17 வயதைத் தொடும்போது 616 பேர்தான் மிச்சம். அதே அட்டவணையில் எழுபதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹாலி இந்த வேலையைச் செய்த காலத்தில் இங்கிலாந்து அரசு, சாகும்வரை ஆண்டுதோறும் பணம் தரும் பத்திரங்களை எல்லா வயதினருக்கும் ஒரே விலையில் விற்றுக்கொண்டிருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே விலை! எங்கள் தொழிலே அந்த மாதிரி அசட்டுத்தனத்தைத் திருத்தப் பிறந்ததுதான்.

உலகச் சராசரி ஆயுள் 1900 வாக்கில் முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது, 1950-ல் 46, இப்போது 73. இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு குழந்தைகளைக் காப்பாற்றியதால் வந்தது. சுத்தமான குடிநீர், கழிவுநீர் வசதி, தடுப்பூசி, அப்புறம் ஆன்டிபயாடிக் மருந்துகள். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 1990-ல்கூட ஆயிரத்துக்கு 93 பேர், 2022-ல் 37. ஒரு குழந்தையைக் காப்பாற்றினால் அறுபது, எழுபது ஆண்டுகள் ஒரேயடியாகக் கணக்கில் ஏறும். எண்பது வயதுக்காரரை ஒரு நோயிலிருந்து காப்பாற்றினால் சில ஆண்டுகள்தான் ஏறும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகனுக்குப் பதில் சொல்லும்போது தேவைப்படும்.

இப்போது உங்கள் கணக்கு. 1825-ல் பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் என்ற ஆக்சுவரி ஒரு விஷயத்தைக் கவனித்தார். நடுவயதுக்குப் பிறகு, ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. இன்றைய மனிதர்களுக்கு அது ஏறத்தாழ எட்டு ஆண்டு. ஏழை நாடு, பணக்கார நாடு எதுவானாலும் தொடங்கும் அளவுதான் மாறுகிறது, இரட்டிக்கும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. அறுபது வயதில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு நல்ல மருத்துவ வசதி உள்ள இடத்துக்கு இது பொருந்தும். அப்படியானால் 68-ல் நூற்றுக்கு இரண்டு, 76-ல் நான்கு, 84-ல் எட்டு, 92-ல் பதினாறு. இதை வைத்து நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.

இன்று 62 வயதில் இருக்கும் நூறு பேரில் சுமார் 75 பேர் 75-ஐத் தாண்டுவார்கள். 60 பேர் எண்பதைத் தாண்டுவார்கள். பாதிப்பேர் 83 வரை இருப்பார்கள். 24 பேர் தொண்ணூறைப் பார்ப்பார்கள், பத்துப் பேர் 95-ஐ. நூறைத் தொடுவது மூன்று பேர். இவை என் மாதிரிக் கணக்கின் எண்கள், உங்கள் ஜாதகம் அல்ல. உங்கள் உடல்நிலை, வாழும் இடம், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து இதை மேலும் கீழும் இழுக்கும். ஆனால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு.

உங்கள் பணம் 77 வயதில் தீர்கிறது இல்லையா? அந்த வயதில் நூற்றில் 69 பேர் உயிரோடு இருப்பார்கள். அதாவது உங்கள் திட்டம் சரியாக வேலை செய்ய வேண்டும் என்றால், நூற்றில் 31 பேர் அடங்கிய சிறுபான்மைப் பக்கம் நீங்கள் விழுந்தாக வேண்டும். சீக்கிரம் இறந்தால்தான் வெற்றி பெறும் திட்டத்தை யாராவது போடுவார்களா?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மனைவியின் வயது ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அப்புறம் கணக்கில் அவர் எங்குமே இல்லை. வீட்டுக்கான பணம் தீர வேண்டியது உங்கள் ஆயுளோடு அல்ல, இரண்டு பேரில் கடைசியாக இருப்பவரின் ஆயுளோடு. இரண்டு பகடையை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிற மாதிரி இது. பதினைந்து ஆண்டு கழித்து உங்கள் இருவரில் ஒருவராவது இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பதுக்கு மேல். முப்பது ஆண்டு கழித்து, உங்களுக்கு 92, அவருக்கு 90 ஆகும்போது, ஒருவராவது இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறது. முப்பத்தைந்து ஆண்டு கழித்துக்கூட ஆறில் ஒன்று. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே இறப்பு விகிதத்தைத்தான் போட்டேன். உலக அளவில் பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ ஐந்து ஆண்டு அதிகம் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தால் இந்த எண்கள் இன்னும் ஏறும். கடைசியில் தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் உங்கள் மனைவிதான்.

சராசரியை நம்பி ஏமாந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பிரான்ஸில் ஆர்ல் என்ற ஊரில் ஒரு வழக்கறிஞர் 1965-ல் 90 வயது மூதாட்டி ஒருவரோடு ஒப்பந்தம் போட்டார். அவர் உயிரோடு இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் தருவது, அவர் இறந்ததும் வீடு வழக்கறிஞருக்கு. வழக்கறிஞருக்கு அப்போது 47 வயது. 90 வயது மூதாட்டி எத்தனை நாளைக்கு என்று எண்ணியிருப்பார். முப்பது ஆண்டு பணம் கட்டினார், வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தார், 1995-ல் 77 வயதில் இறந்தும் போனார். அப்புறம் அவர் மனைவி கட்டினார். அந்த மூதாட்டி ழான் கல்மான். 1997-ல் இறந்தபோது வயது 122 ஆண்டு 164 நாள். பதிவான மனித ஆயுளில் இன்றுவரை அதுதான் உச்சம். இத்தனைக்கும் அவர் புகைப்பழக்கத்தை விட்டதே 117 வயது வாக்கில். தயவுசெய்து இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் மகன் பக்கம் வருவோம். அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயுளுக்கு எல்லை போட்டவர்கள் திரும்பத் திரும்பத் தோற்றிருக்கிறார்கள். 1928-ல் லூயி டப்ளின் என்ற புள்ளியியலாளர் சராசரி ஆயுள் 64.75-ஐத் தாண்டாது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் சொன்ன நேரத்திலேயே நியூசிலாந்தில் மவோரி என்ற பூர்வகுடியினர் அல்லாத பெண்கள் அதைத் தாண்டியிருந்தார்கள்! 1840 முதல் 2000 வரை, உலகில் எந்த நாட்டுப் பெண்கள் அதிக ஆயுளோடு இருந்தார்களோ அவர்களை மட்டும் எடுத்துக் கோடு போட்டால், பத்தாண்டுக்கு இரண்டரை ஆண்டு வீதம் நூல் பிடித்த மாதிரி ஏறுகிறது. ஸ்வீடன் பெண்களின் 45-ல் தொடங்கி ஜப்பான் பெண்களின் 85 வரை. 1963-ல் ஜப்பானில் நூறைக் கடந்தவர்கள் 153 பேர். 2025-ல் 99,763 பேர். மகன் இதைத்தான் எங்கோ பார்த்திருப்பார்.

ஆனால் அந்த 99,763-ஐ ஜப்பானின் மக்கள்தொகையோடு வைத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. அதிலும் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இந்த வயதுப் பதிவுகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது எங்கள் தொழில்புத்தி. அதே ஜப்பானில் 2010-ல் பதிவேடுகளைத் தோண்டியபோது, நூறு கடந்தவர்களாகப் பெயர் இருந்தும் இருக்குமிடமே தெரியாதவர்கள் 2,30,000 பேருக்கு மேல் என்று வெளிவந்தது. பலர் எப்போதோ இறந்தவர்கள், பெயரை யாரும் அடிக்கவில்லை. மேலே சொன்ன 99,763 அந்தப் பழைய பதிவேட்டுக் கணக்கு அல்ல, முகவரியோடு வாழ்பவர்களின் கணக்கு. நெடுங்காலம் வாழ்வோர் நிறைந்த ஊர் என்று யாராவது சொன்னால், அங்கே பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

அந்த நேர்க்கோடும் இப்போது வளையத் தொடங்கிவிட்டது. அதிக ஆயுள் உள்ள நாடுகளின் 1990 முதல் 2019 வரையிலான கணக்குகளை எடுத்து ஜே ஒல்ஷான்ஸ்கி குழுவினர் 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏற்றம் மந்தமாகிவிட்டது என்பதும், இந்த நூற்றாண்டில் முதுமையையே தள்ளிப்போடும் ஏதாவது கண்டுபிடிக்கப்படாவிட்டால் நூறைத் தொடுபவர்கள் பெண்களில் நூற்றுக்கு 15, ஆண்களில் நூற்றுக்கு 5 என்ற அளவைத் தாண்டுவது கடினம் என்பதும் அவர்கள் முடிவு. இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஒல்ஷான்ஸ்கி பக்கம். காரணம் நான் முன்பு சொன்ன வித்தியாசம்தான். குழந்தைகளைக் காப்பாற்றிப் பெறக்கூடிய லாபத்தைப் பணக்கார நாடுகள் ஏறக்குறைய முழுக்கப் பெற்றுவிட்டன. மிச்சம் இருப்பது முதுமை. புற்றுநோய் முழுவதையும் நாளைக்கே ஒழித்துவிட்டால்கூடச் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு போலத்தான் ஏறும் என்பது பழைய கணக்கு. கேட்கவே நம்ப முடியாது. ஆனால் புற்றுநோயிலிருந்து தப்பிய எண்பது வயதுக்காரரை இதயமோ மூளையோ சிறுநீரகமோ அடுத்த சில ஆண்டுகளில் பிடித்துக்கொள்கிறது.

150-க்கு வருகிறேன். இத்தாலியில் 105-ஐக் கடந்தவர்களை எடுத்து 2018-ல் வந்த ஆய்வு ஒன்று, அந்த வயதுக்குப் பிறகு இறப்பு வாய்ப்பு மேலே ஏறாமல் ஆண்டுக்குப் பாதிக்குப் பாதி என்ற இடத்தில் நின்றுவிடுவதாகச் சொன்னது. நல்ல செய்தி மாதிரித் தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டுவது போல. 110-ல் இருந்து 122-க்குப் போகப் பன்னிரண்டு முறை தொடர்ந்து தலை விழ வேண்டும், நாலாயிரம் பேரில் ஒருவருக்கு அது நடக்கலாம். 150-க்குப் போக நாற்பது முறை. அந்த வாய்ப்பு ஒரு லட்சம் கோடியில் ஒன்று. உலகத்தில் அத்தனை மனிதர்களே இல்லை. ஆகவே 150 என்பது இப்போதுள்ள மருத்துவத்தைக் கொஞ்சம் நன்றாகச் செய்து எட்டக்கூடிய இடம் அல்ல, வேறு ஏதோ புதிதாக வந்தாக வேண்டும். அது வரும் என்று ஸ்டீவன் ஆஸ்டட் என்ற உயிரியலாளரும், வராது என்று அதே ஒல்ஷான்ஸ்கியும் 2000-ல் ஆளுக்கு 150 டாலர் போட்டுப் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். அன்று உயிரோடு இருந்தவர்களில் ஒருவராவது 2150-ல் 150 வயதோடு இருப்பாரா என்பதுதான் பந்தயம். வட்டியோடு பெருகும் பணம் ஜெயித்தவரின் வாரிசுகளுக்கு.

யாரைக் கொண்டிருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ரொம்ப நேரம் தேவையில்லை. டென்மார்க் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஆயுள் வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு கால்வாசி போலத்தான் வந்தது. அம்மாவின் 94 ஒரு சின்னப் பரிசு, உத்தரவாதம் அல்ல. அப்பாவின் 58-ல் எவ்வளவு அவர் உடல்வாகு, எவ்வளவு புகை என்று பிரிக்க முடியாது. ஆனால் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, வாழ்நாள் முழுதும் புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டை இழக்கிறார்கள் என்று காட்டியது. நீங்கள் புகைப்பவரா என்று எழுதவில்லை. அப்படி இருந்தால், அறுபதில் விட்டவர்களுக்குக்கூட அதில் மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது. எல்லாப் புற்றுநோயையும் ஒழித்தால் மனித குலத்துக்குக் கிடைக்கும் அதே மூன்று ஆண்டு. மாரடைப்பு குடும்பத்தில் இருப்பதால் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் மருத்துவரிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், அது என் துறை அல்ல.

பணத்துக்கு வருவோம். மனைவிக்கு 95 வயது ஆகும்வரை என்று வையுங்கள். அதாவது 35 ஆண்டு. பணத்தை 35-ஆல் வகுத்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் செய்தால் இப்போதே பட்டினி கிடக்க வேண்டியிருக்கும். இல்லாமல் முடியாத செலவுகளைத் தனியாக எழுதுங்கள். வீடு, சாப்பாடு, மருந்து. அவற்றுக்கு ஆயுள் உள்ளவரை வந்துகொண்டிருக்கும் வருமானம் வேண்டும். பென்ஷனோ, ஆனுவிட்டியோ (மொத்தமாக ஒரு தொகையைக் கட்டினால் சாகும்வரை வருமானம் தரும் திட்டம்), வாடகையோ எதுவானாலும் சரி. ஆனுவிட்டி வாங்கினால் சீக்கிரம் இறப்பவர்களின் பணம் நீண்ட நாள் வாழ்பவர்களுக்குப் போகும், நீண்ட நாள் வாழ்வதன் செலவைத் தனியாளாகச் சுமக்க வேண்டாம். மொத்தப் பணத்தையும் அதில் போடாதீர்கள், திரும்ப எடுக்க முடியாது. பயணம், ஆசைப்பட்ட பொருள், பேரப்பிள்ளைகளுக்குச் செய்வது இவற்றை மீதிப் பணத்தில் முதல் பத்துப் பதினைந்து ஆண்டில் தாராளமாகச் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், சராசரி ஆயுளுக்கும் ஆரோக்கியமாக வாழும் ஆயுளுக்கும் ஏறத்தாழ பத்து ஆண்டு இடைவெளி இருக்கிறது. 88 வயதில் மலையேற முடியாது. ஆனால் அந்த வயதில் கவனித்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு வரும், அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வையுங்கள். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறினால் பதினான்கு ஆண்டில் செலவு இரட்டிக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பென்ஷன் காகிதங்களை எடுத்து, உங்களுக்குப் பிறகு மனைவிக்குத் தொகை தொடருமா, முழுதாகவா பாதியாகவா என்று பாருங்கள். ஆனுவிட்டி வாங்கப்போகிறீர்கள் என்றால் படிவத்தில் ‘ஒருவர் ஆயுள்’, ‘இருவர் ஆயுள்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவதில் மாதத் தொகை கூடுதலாகத் தெரியும், பலர் அதைப் பார்த்துத்தான் டிக் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டாவதில் போடுங்கள்.